பீனாக்ஸிஎத்தனால் உள்ள கிரீமைத் தூக்கி எறிய வேண்டுமா?

முகத்துக்குப் பூசும் கிரீமின் சேர்மானப் பட்டியலில் பீனாக்ஸிஎத்தனால், எத்தில்ஹெக்ஸில்கிளிசரின் என்ற இரண்டு பெயர்களைப் பார்த்ததாகவும், முன்னது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு என்று ஒரு காணொளியில் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதே கிரீமை எட்டு மாதக் குழந்தையின் கன்னத்தில் சில நாள் தடவிவிட்டதால் கவலைப்படுகிறீர்கள். இவற்றைப் போல, கிரீம் கெடாமல் காக்கும் பதனப்பொருள் எதுவுமே சேர்க்காத இயற்கைக் கிரீமுக்கு இனி மாறிவிடலாமா என்றும் கேட்கிறீர்கள். நீங்கள் அதைப் பூசிக்கொள்வதை நிறுத்தக் காரணம் எதுவும் இல்லை. குழந்தையின் கன்னத்தில் சில நாள் மெல்லியதாகத் தடவியதும் அஞ்சக்கூடிய செய்தி அல்ல. நீங்கள் மாற நினைக்கும் இடம்தான் எனக்கு உறுத்துகிறது. கிரீம், லோஷன் வகைகளை உருவாக்கும் ஆய்வகங்களில் நெடுநாள் வேலை செய்தவன் என்ற முறையில் காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கிரீமில் பெரும்பாலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். லோஷனிலும் ஷாம்பூவிலும் அது இன்னும் அதிகம். அந்தத் தண்ணீருடன் கிளிசரின், தாவரச் சாறு, புரதக்கூறு, கொழுப்பு அமிலம் என்று நுண்ணுயிர்கள் விரும்பி உண்ணக்கூடிய எல்லாமே சேர்ந்திருக்கின்றன. அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்கிறோம். நாள்தோறும் விரலை விட்டு எடுக்கிறோம். சமைத்த உணவை ஒரு வாரம் மேசை மேல் வைத்துவிட்டு உண்ண யாரும் துணிய மாட்டார்கள். கிரீம் ஓராண்டு கெடாமல் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதே, அதற்குள் யாரோ காவல் இருக்கிறார்கள் என்று நம்பித்தான். பதனப்பொருள், அதாவது பிரிசர்வேட்டிவ் என்று நாம் சொல்வது, அந்தக் காவலைத்தான். தோலுக்கு அது எந்த நன்மையும் செய்வதில்லை. கிரீமுக்காகச் சேர்க்கப்படும் பொருள் அது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதனப்பொருள் சேர்க்காமல் கற்றாழைக் கூழ் ஒன்றைச் செய்து, இரண்டு வாரம் கழித்து நுண்ணுயிர்ச் சோதனைக்குக் கொடுத்தேன். நிறம் மாறவில்லை, வாசனை மாறவில்லை, பூசிப் பார்த்தாலும் புதியதைப் போலவே இருந்தது. சோதனைத் தட்டிலோ எண்ண முடியாத அளவுக்குக் கூட்டங்கூட்டமாக வளர்ந்திருந்தது. கெட்டுப்போனால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை அன்றைக்கே விட்டுவிட்டேன். பூஞ்சை படர்ந்து கண்ணுக்குத் தெரிவது நல்வாய்ப்பு. பாக்டீரியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே பெருகும்.

அப்படிப் பெருகுபவற்றில் ஒப்பனைப் பொருள் தயாரிப்பவர்கள் மிகவும் அஞ்சுவது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவுக்கு. மிகக் குறைந்த உணவை வைத்துக்கொண்டே தண்ணீரில் வாழக்கூடியது அது. நலமான தோலில் பெரும்பாலும் தீங்கு செய்யாது. ஆனால் கீறல் விழுந்த கண்ணில் புகுந்தால் கருவிழியையே அரித்துவிடும். கண்ணிமை மயிருக்குத் தீட்டும் மஸ்காராவில் வளர்ந்த இந்த நுண்ணுயிரால் கருவிழிப் புண் உண்டான நிகழ்வுகள் 1970களில் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இன்று ஐ.எஸ்.ஓ. 17516 என்ற பன்னாட்டுத் தரம், பொதுவான ஒப்பனைப் பொருளில் கிராமுக்கு 1,000 நுண்ணுயிருக்கு மேலும், கண்ணைச் சுற்றிப் பூசுபவற்றிலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானவற்றிலும் 100க்கு மேலும் இருக்கக் கூடாது என்கிறது. சூடோமோனாஸ் உள்ளிட்ட நான்கு குறிப்பிட்ட கிருமிகள் ஒரு கிராமில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பதனப்பொருள் போதுமா என்று பார்க்க இன்னொரு சோதனை உண்டு. கிரீமுக்குள் வேண்டுமென்றே லட்சக்கணக்கில் கிருமிகளைக் கலந்துவிட்டு, 28 நாள் வரை அவை எப்படிக் குறைகின்றன என்று எண்ணிப் பார்ப்பார்கள். பாக்டீரியா ஏழு நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகவாவது குறைந்து, பிறகு மீண்டும் தலைதூக்காமல் இருந்தால்தான் தேர்ச்சி.

இனி பீனாக்ஸிஎத்தனாலுக்கு வருவோம். அது நிறமற்ற, சற்றே எண்ணெய்ப்பசை கொண்ட திரவம். மெல்லிய ரோஜா வாசனை வரும். பீனாலையும் எத்திலீன் ஆக்சைடையும் வினைபுரியச் செய்து இதைத் தயாரிக்கிறார்கள். பெயரில் பீனாலும் எத்தனாலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவ்விரண்டின் கெட்ட பெயரும் இதன் மேல் விழுகிறது; ஆனால் இது பீனாலும் அல்ல, சாராயமும் அல்ல. கிளைகால் ஈதர் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் மீத்தாக்ஸிஎத்தனால், எத்தாக்ஸிஎத்தனால் என்ற இரண்டு உறுப்பினர்கள் இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிப்பவை என்று உறுதியானவை. ஐரோப்பாவில் ஒப்பனைப் பொருள்களில் அவற்றைச் சேர்க்கத் தடை உண்டு. "கிளைகால் ஈதர்கள் ஆபத்தானவை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் அவற்றின் குற்றத்தை இதன் கணக்கில் எழுதுகிறார்கள். உடலுக்குள் போனபின் மீத்தாக்ஸிஎத்தனால் மீத்தாக்ஸி அசிட்டிக் அமிலமாக மாறுகிறது, கேடு செய்வது அந்த அமிலம்தான். பீனாக்ஸிஎத்தனாலோ பீனாக்ஸி அசிட்டிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தாலும் நடத்தை வேறு.

பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வைக் கசியச் செய்வதே இதன் வேலை. உள்ளே இருக்க வேண்டிய அயனிகள் வெளியேறி, அந்த உயிரணு ஆற்றல் உண்டாக்க முடியாமல் போகிறது. சூடோமோனாஸ் போன்ற, மற்றப் பதனப்பொருள்களுக்கு எளிதில் மசியாத பாக்டீரியாக்களிடம் நன்றாக வேலை செய்வது இதன் சிறப்பு. ஈஸ்ட்டுக்கும் பூஞ்சைக்கும் எதிரே அவ்வளவு வலுவில்லை. அதனால் இதைத் தனியாகப் பார்ப்பது அரிது. உங்கள் கிரீமில் கூட இருக்கும் எத்தில்ஹெக்ஸில்கிளிசரின் அந்தத் துணைதான்: கிருமியின் மேற்பரப்பில் பரப்பு இழுவிசையைக் குறைத்து, பீனாக்ஸிஎத்தனால் சவ்வை எட்ட வழிவிடுகிறது. ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு என்று இரண்டையும் முன்கூட்டியே கலந்து விற்கும் கலவை இந்தத் தொழிலில் இன்று எங்கும் காணப்படுகிறது. வேறு சிலர் கேப்ரைலில் கிளைகாலையோ, பொட்டாசியம் சார்பேட்டையோ துணைக்கு வைப்பார்கள்.

தயாரிப்பவர்கள் இதை விரும்புவதற்கு முதன்மையான காரணம், அமிலம், நடுநிலை, லேசான காரம் எதுவானாலும் இது நிலைகுலையாமல் இருப்பதுதான். ஒப்பிட்டுப் பார்க்க சோடியம் பென்சோயேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது உணவிலும் பயன்படுவதால் நல்ல பெயர் வாங்கியது. ஆனால் அமிலமாக இருக்கும் வடிவத்தில் மட்டுமே கிருமியைத் தாக்கும். பி.எச். அளவு 4.2ஆக இருக்கும்போது அதில் பாதி செயல்படும் நிலையில் இருக்கும். 6க்குப் போனால் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. பட்டியலில் பெயர் இருக்கும், காவல் இருக்காது. பீனாக்ஸிஎத்தனாலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கலந்து வைக்கும் பாலிசார்பேட் போன்ற சில பால்மமாக்கிகள் மிகுதியாக இருந்தால், அவை உண்டாக்கும் நுண்ணிய உருண்டைகளுக்குள் இது ஒளிந்துகொள்ளும். கிருமி வளரும் நீர்ப்பகுதியில் போதிய அளவு மிஞ்சாது. ஒரே அளவு சேர்த்த இரண்டு கிரீம்களில் ஒன்று சோதனையில் தேறுவதும் மற்றொன்று தோற்பதும் இதனால்தான். பெயரை மட்டும் பார்த்து ஒரு கிரீமை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அளவைப் பற்றி. ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் பீனாக்ஸிஎத்தனாலை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதிப்பதில்லை. ஐம்பது கிராம் டப்பாவில் அதிகபட்சம் அரை கிராம். இந்த வரம்பு நுகர்வோருக்கு இன்னொரு வகையிலும் உதவுகிறது: ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களின் விதிப்படி சேர்மானங்களை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும், 1 சதவீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். ஆகவே வரம்புக்கு உட்பட்ட கிரீமில் பீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் வரும் பொருள் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டியிருக்க முடியாது. டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்திய அரிய மூலிகைச் சாறு அதற்குப் பின்னால் வந்தால், எவ்வளவு சேர்த்திருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஆணையத்துக்கு ஆலோசனை சொல்லும் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு, ஒருவர் ஒரு நாளில் பயன்படுத்தும் ஷாம்பூ, கிரீம், உதட்டுச் சாயம், பற்பசை அத்தனையும் சேர்த்து, கழுவியது போக உடலின் மேல் தங்கும் அளவை 17.4 கிராம் என்று கணக்கிட்டு, அவை எல்லாவற்றிலும் அதே பதனப்பொருள் முழு வரம்பில் இருப்பதாகவே வைத்துக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால் பீனாக்ஸிஎத்தனால் ஒரு நாளைக்கு 174 மில்லிகிராம். இந்த மிகைப்படுத்திய கணக்கை வைத்துத்தான் 2016இல் அக்குழு, 1 சதவீதம் வரை குழந்தைகள் உள்ளிட்ட எல்லா வயதினருக்கும் பாதுகாப்பானது என்ற முடிவுக்கு வந்தது.

நரம்பு மண்டலத்தைப் பற்றிய பேச்சு வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. கலப்பில்லாத பீனாக்ஸிஎத்தனாலை அதிக அளவில் உட்கொண்டால் அது நரம்பு மண்டலத்தை மந்தப்படுத்தும். மீன் வளர்ப்பில் மீன்களைக் கையாளும்போது மயக்க மருந்தாகவே இதைத் தண்ணீரில் கலக்கிறார்கள். மீன் அதை இடைவிடாமல் செவுள் வழியாக உள்ளிழுக்கிறது. உங்கள் கன்னம் அதைச் செய்வதில்லை. செய்தி பரவியதற்கு இன்னொரு காரணம், 2008 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு குறிப்பிட்ட கிரீமைப் பற்றி விடுத்த எச்சரிக்கை. பாலூட்டும் தாய்மார் முலைக்காம்பில் தடவிக்கொள்ளும் கிரீம் அது. அதில் பீனாக்ஸிஎத்தனாலும், தசையைத் தளர்த்தும் தன்மையுள்ள குளோர்பெனிசினும் இருந்தன. பால் குடிக்கும்போது குழந்தை அதை நேரே விழுங்கும் என்பதால், மூச்சு மந்தப்படலாம், வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம் என்று எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை முற்றிலும் சரியானது. ஆனால் "பச்சிளங்குழந்தை விழுங்கக்கூடிய இடத்தில் பூச வேண்டாம்" என்பது, கைமாறிக் கைமாறி, "யாரும் எங்கும் பூச வேண்டாம்" என்று மாறிவிட்டது.

குழந்தைகள் விஷயத்தில் வல்லுநர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. பிரான்சின் மருந்துப் பாதுகாப்பு முகமை 2012இல், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டயப்பர் கட்டும் பகுதியில் பூசும் பொருள்களில் பீனாக்ஸிஎத்தனாலே வேண்டாம், மற்ற இடங்களில் பூசுபவற்றில் 0.4 சதவீதத்துக்குள் நிற்கட்டும் என்று பரிந்துரைத்தது. ஐரோப்பியக் குழு 2016இல் வேறு முடிவுக்கு வந்த பிறகும் பிரான்ஸ் பின்வாங்கவில்லை. கழுவாமல் விடும் பொருள்களில் இது இருந்தால், மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் பிட்டத்தில் பூசக் கூடாது என்று அச்சிட வேண்டும் என 2019இல் உத்தரவிட்டது. டயப்பருக்குள் தோல் எப்போதும் ஈரமாக, பெரும்பாலும் சிவந்து புண்பட்டு, மேலே மூடியும் இருக்கிறது. அங்கே பூசும் எதுவும் உள்ளே போகும் அளவு கூடுதல். ஆகவே டயப்பர் பகுதியைப் பொறுத்தவரை எனக்குப் பிரான்சின் நிலைப்பாடுதான் நியாயமாகப் படுகிறது. கன்னத்துக்கு அந்த வாதம் பொருந்தாது.

ஒவ்வாமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பீனாக்ஸிஎத்தனாலுக்கு உண்மையான ஒவ்வாமை இருப்பவர்கள் மிக அரிது. கண்ணோரத்திலும், வெடித்த அல்லது சிவந்த தோலிலும் லேசான எரிச்சல் உண்டாவது அதைவிட அதிகம். அது ஒவ்வாமை அல்ல, அந்த இடத்தில் பூசுவதை நிறுத்தினால் அடங்கிவிடும். எத்தில்ஹெக்ஸில்கிளிசரினுக்கும் சிலருக்கு ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது. அரிப்பு தொடர்ந்தால் எதைச் சந்தேகிப்பது என்று ஊகித்துக்கொண்டிருக்காமல், தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட், அதாவது ஐயத்துக்குரிய பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, செய்துகொள்வதே குறுக்குவழி.

ஒரு பதனப்பொருளை அச்சத்தால் விரட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக் கால வரலாறு ஒன்று இருக்கிறது. பாராபென்கள் 1920களிலிருந்து பயன்பாட்டில் இருந்தவை. 2004இல் இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப்பா டார்ப்ரேயும் அவருடைய குழுவினரும், 20 மார்பகப் புற்றுக்கட்டிகளின் திசுவில் பாராபென்கள் இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். நலமான திசுவுடன் ஒப்பிடாத சிறிய ஆய்வு அது. புற்றுநோய்க்கு அவைதான் காரணம் என்று அதில் சொல்லவும் இல்லை. ஆனாலும் "பாராபென் இல்லை" என்ற வாசகம் விளம்பரச் சொல்லாகிவிட்டது. நீண்ட தொடர் கொண்ட பாராபென்களைப் பற்றிய ஐயத்தை ஒழுங்குமுறை அமைப்புகள் புறக்கணிக்கவும் இல்லை: ஐரோப்பா 2014இல் ஐசோபுரோப்பைல், ஐசோபியூட்டைல் உள்ளிட்ட ஐந்து வகைகளைத் தடைசெய்தது, புரோப்பைல், பியூட்டைல் இரண்டின் வரம்பையும் 0.14 சதவீதமாகக் குறைத்தது. மெத்தில், எத்தில் இரண்டையும் பழைய வரம்பிலேயே விட்டது.

ஆனால் சந்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவில்லை. பாராபென் குடும்பத்தையே தள்ளிவிட்டு வேறு ஒன்றைத் தேடியது. தேடியபோது கைக்கு எட்டியவற்றில் ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன். அதற்கு முன் அது இன்னொரு பொருளுடன் சேர்ந்த கலவையாகப் பத்து லட்சத்தில் 15 பங்கு என்ற அளவில்தான் அனுமதிக்கப்பட்டிருந்தது; அந்தக் கலவையில் கால் பங்கே இது, அதாவது 3.75 பங்கு. தனியாகச் சேர்த்தால் ஒவ்வாமை குறைவு என்று கருதி, 2005இல் ஐரோப்பாவில் 100 பங்கு வரை அனுமதித்தார்கள். ஏறத்தாழ 27 மடங்கு. கிரீமிலும், குழந்தைகளுக்கான ஈரத்துடைப்பான்களிலும் அது நுழைந்தது. சில ஆண்டுகளில் கையிலும் முகத்திலும் கொப்புளம் எழுந்தவர்கள் தோல் மருத்துவமனைகளில் குவிந்தார்கள். அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2013இல் அதை "அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவித்தது; 2017 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பாவில் கழுவாமல் விடும் பொருள்களில் அதற்கு இடமில்லை. அதே சங்கம் 2019இல் பாராபென்களை "ஒவ்வாமை அல்லாத பொருள்" என்று பட்டம் சூட்டிக் கௌரவித்தது. ஒருமுறை மெத்தில்ஐசோதயசோலினோன் ஒவ்வாமை வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கிறது என்பதால், இதை வெறும் வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிட என்னால் முடிவதில்லை.

இந்தப் பின்னணியில்தான் "பதனப்பொருள் இல்லாதது" என்ற அட்டையை நான் பார்க்கிறேன். அதற்கு நேர்மையான பொருள் இரண்டு மூன்று உண்டு. தண்ணீரே இல்லாத எண்ணெய், தைலம், கட்டிக் களிம்பு ஆகியவற்றுக்குப் பதனப்பொருள் தேவையில்லை, ஈரக் கை படாத வரை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிருமி நீக்கிய சிறு குப்பிகளுக்கும் தேவையில்லை. மற்றவற்றில் பெரும்பாலும் பெயர் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை: நறுமணப் பொருளாகவோ தோல் மென்மையாக்கியாகவோ கணக்குக் காட்டி, கிருமியைத் தடுக்கும் ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். திராட்சைப்பழம் என்று தவறாக மொழிபெயர்க்கப்படும், ஆரஞ்சு வகைப் பழமான கிரேப்ஃப்ரூட்டின் விதைச் சாறு இயற்கைப் பதனப்பொருளாக நெடுங்காலம் விற்கப்பட்டது. பல மாதிரிகளைப் பகுத்துப் பார்த்தபோது கிருமியைக் கொன்றது விதையல்ல, அதில் கலந்திருந்த பென்செத்தோனியம் குளோரைடு போன்ற செயற்கைப் பொருள்தான் என்று தெரிந்தது. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும். கிருமியை அது தடுக்காது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி வீட்டில் கிரீம் செய்பவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். தண்ணீர் சேர்த்து வீட்டில் செய்ததைக் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

உங்கள் கிரீமுக்கு வருகிறேன். உங்கள் தோல் அதை ஏற்றுக்கொண்டிருந்தால் தொடருங்கள். திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்று அச்சிட்டிருந்தால், திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று பொருள். திறந்த தேதியை டப்பாவின் அடியில் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே கிரீம் அழுத்தினால் வரும் பம்ப் குப்பியில் கிடைத்தால் அதை வாங்குங்கள், விரல் உள்ளே போகாது. கெட்டியாகிவிட்டது என்று தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டாம். பதனப்பொருளை நீர்த்துப்போகச் செய்து, கிருமியையும் உள்ளே அழைக்கும் செயல் அது. குழந்தையின் கன்ன வறட்சிக்கு, தண்ணீரே இல்லாத, வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி போன்ற எளிய களிம்பு போதும். அங்கே பதனப்பொருளைப் பற்றிய கேள்வியே எழாது. டயப்பர் பகுதிக்கும் அவ்வகைக் களிம்பையே தேர்ந்தெடுங்கள். பாலூட்டுகிறீர்கள் என்றால், முலைக்காம்பிலும் அதைச் சுற்றியும் இந்த முகக் கிரீமைத் தடவ வேண்டாம்.